சீனாவில் அரசியல் சீர்திருத்தம்: எதுவரை போனது, எங்கே நின்றது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சீனாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வகையான தீர்ப்புகள் காதில் விழும். "அங்கே 1949 முதல் ஒன்றும் மாறவில்லை" என்பது ஒன்று. "அங்கே இருப்பதும் ஒருவகை ஜனநாயகம்தான்" என்பது மற்றொன்று. இரண்டுமே நடந்ததைப் பாராமல் சொல்லப்படுபவை. 1978க்குப் பிறகு சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் ஆட்சிமுறையைப் பலமுறை திருத்தியிருக்கிறது. திருத்தியவற்றில் பலவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டும் இருக்கிறது. அந்தக் கதையைப் படிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் என்னால் இயன்ற பதில்களும் கீழே. சீனப் பெயர்களைத் தமிழில் எழுத ஒரே முறை கிடையாது. வேறிடத்தில் வேறு எழுத்தில் பார்த்தால் அதே ஆள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் நடந்தது பொருளாதாரச் சீர்திருத்தம் மட்டும்தானே?

இல்லை. ஆயுட்காலப் பதவி என்ற வழக்கம் ஒழிந்தது. அதிகாரிகளுக்கு ஓய்வு வயது வந்தது. மாவட்டநிலை வரையிலான மக்கள் மன்றங்களுக்குப் பிரதிநிதிகளை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் சட்டம் வந்தது. கிராமங்களில் போட்டியுடன் கூடிய தேர்தல் நடந்தது. அரசு அலுவலகத்தின் மீது குடிமகன் வழக்குப் போடலாம் என்றானது. மாவோ காலத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் எல்லாத் திருத்தங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கண்காணிக்க உதவும் சீர்திருத்தம் உயிரோடு இருக்கும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பதவியிலிருந்து இறக்க உதவும் சீர்திருத்தம் முதல் சோதனையிலேயே நின்றுவிடும். என் வாசிப்பில் இதற்கு விலக்கு அதிகம் அகப்படவில்லை.

இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது?

பயத்தால். 1966 முதல் 1976 வரை மாவோ தூண்டிவிட்டு நடந்த கலாச்சாரப் புரட்சி என்ற களையெடுப்பில் அடிபட்டவர்கள்தான் 1978க்குப் பின் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களில் முதன்மையானவரும் சீர்திருத்தக் காலத்தின் உண்மையான தலைவருமான டெங் சியாவோபிங் அந்தப் பத்தாண்டுகளில் மட்டும் இருமுறை பதவி பறிக்கப்பட்டவர். ஜியாங்சி மாகாணத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய மகன், மாவோவின் பெயரால் திரண்ட இளைஞர் படைகளான செங்காவலர்களின் கொடுமையின்போது கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தலைவர் ஒருவரின் மனநிலை மாறினால் நாட்டின் குடியரசுத் தலைவரையே சிறையில் சாகவிட முடியும் என்பதை இவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். லியு ஷாவ்சி 1969இல் அப்படித்தான் இறந்தார்.

1980 ஆகஸ்ட் 18 அன்று கட்சியின் உச்சியில் முடிவெடுக்கும் சிறு குழுவான அரசியல் தலைமைக்குழுவின் விரிவாக்கப்பட்ட கூட்டத்தில் டெங் ஆற்றிய உரையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். அதிகாரம் ஓரிடத்தில் குவிவது, குடும்பத்துப் பெரியவர்போல் கட்சியை நடத்துவது, சாகும்வரை பதவியில் இருப்பது, அதிகாரிகளின் தனிச்சலுகைகள் என்று நோய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். முறை நன்றாக இருந்தால் தீயவர்கள் ஆட்டம் போட முடியாது, முறை கெட்டிருந்தால் நல்லவர்களாலும் நன்மை செய்ய முடியாது என்றார். ஸ்டாலின் செய்தவை பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா போன்ற நாடுகளில் நடந்திருக்க முடியாது என்று மாவோவே சொன்னதை அவர் நினைவூட்டினார். அந்த நாடுகளில் ஏன் நடந்திருக்க முடியாது என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. போயிருந்தால் கட்சிக்கு வெளியே ஒரு தடுப்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பே "ஜனநாயகச் சுவர்" என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 1978 நவம்பரில் பெய்ஜிங்கின் ஷிடான் பகுதியில், ஒரு செங்கல் சுவரில் மக்கள் சுவரொட்டிகள் எழுதி ஒட்டத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் டெங் அதைத் தடுக்கவில்லை. மாவோ தன் வாரிசாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போன ஹுவா குவோஃபெங்கின் அணியோடு அவர் அப்போது மோதிக்கொண்டிருந்தார். மக்களின் கோபம் எதிரணியின் பக்கம் பாய்ந்தவரை அவருக்கு அது இலாபம்தான்.

டிசம்பர் 5 அன்று வெய் ஜிங்ஷெங் என்ற இளைஞர் ஒரு சுவரொட்டியை ஒட்டினார். பெய்ஜிங் விலங்குக் காட்சிசாலையில் மின்பணியாளர் அவர். வேளாண்மை, தொழில், பாதுகாப்பு, அறிவியல் தொழில்நுட்பம் என்ற நான்கு துறைகளை நவீனமாக்குவதே அரசின் முழக்கமாக இருந்தது. ஐந்தாவதாக ஒன்று இல்லாமல் இந்த நான்கும் நிற்காது, அந்த ஐந்தாவது ஜனநாயகம் என்று வெய் எழுதினார். அதையும் பொறுத்துக்கொண்டார்கள். 1979 மார்ச்சில் அவர் டெங்கின் பெயரையே சொல்லி, இவர் புதிய சர்வாதிகாரி ஆகிவிடுவார் என்று எச்சரித்தார். மார்ச் 29 அன்று கைது. அடுத்த நாள் டெங் தன் "நான்கு அடிப்படைக் கோட்பாடுகளை" அறிவித்தார்: சோசலிசப் பாதை, பாட்டாளிவர்க்கச் சர்வாதிகாரம், கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமை, மார்க்சிய லெனினிய மாவோ சிந்தனை. வெய்க்குப் பதினைந்து ஆண்டுச் சிறை.

பின்னால் நடந்தது அதிகம் பேசப்படுவதில்லை. தாராளமாகப் பேசவும் பெரிய எழுத்துச் சுவரொட்டி எழுதவும் உரிமை உண்டு என்று 1978 அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1980இல் அதை நீக்கினார்கள். 1982இல் வந்த புதிய அரசியல் சட்டத்தில் வேலைநிறுத்த உரிமையும் காணாமல் போயிற்று. சீர்திருத்தக் காலம் என்று நாம் புகழும் அதே ஆண்டுகளில்தான் இதெல்லாம். கலாச்சாரப் புரட்சியிலிருந்து தலைவர்கள் கற்றுக்கொண்ட பாடத்துக்கு இரண்டு முனைகள்: தலைவரின் கையைக் கட்ட வேண்டும், தெருவில் கூடும் கூட்டத்தின் வாயையும் கட்ட வேண்டும்.

1980களில் உண்மையாகவே முயன்றவர் யார்?

ஜாவ் ஜியாங். சிச்சுவான் மாகாணத்தில் பஞ்சம் தீர்த்துப் பெயரெடுத்து, பிரதமராகி, பிறகு கட்சிப் பொதுச்செயலாளர் ஆனவர். தொடக்கத்தில் அவருக்கு அரசியல் சீர்திருத்தத்தில் தனி ஆர்வம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவரே பின்னாளில் அப்படித்தான் ஒப்புக்கொண்டார். அந்தத் துறையில் முன்னால் நின்றவர் அப்போதைய பொதுச்செயலாளர் ஹு யாவ்பாங்.

1986இல் டெங் மீண்டும் பேச்சை எடுத்தார். தொழிற்சாலைகளுக்கு அதிகாரம் கொடு என்று மேலே ஆணை போட்டால், நடுவில் இருந்த கட்சிக்காரர்கள் அதை விழுங்கிவிட்டார்கள். அதனால் கட்சியும் அரசும் பிரிய வேண்டும் என்றார். அதற்குத் திட்டம் வகுக்க ஜாவின் கீழ் ஓர் அலுவலகம் அமைந்தது. அதை நடத்தியவர் ஜாவின் செயலாளர் பாவ் டோங். டெங் விதித்த எல்லை தெளிவானது: சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் ஆகியவற்றின் அதிகாரத்தைப் பிரிக்கும் மேற்கத்திய முறை வேண்டாம்.

அந்த ஆண்டு இறுதியில் ஹெஃபெய் நகரில் தொடங்கிய மாணவர் ஆர்ப்பாட்டம் ஷாங்காய்க்கும் பெய்ஜிங்குக்கும் பரவியது. மாணவர்களிடம் மென்மையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1987 சனவரியில் ஹு யாவ்பாங் பதவி இழந்தார். பொதுச்செயலாளரை நீக்குவது கட்சி விதிப்படி, மாநாடு தேர்ந்தெடுக்கும் பெரிய குழுவான மத்தியக் குழுவின் வேலை. ஆனால் ஓய்வுபெற்ற, ஓய்வை நெருங்கிய பெரியவர்கள் உட்கார்ந்திருந்த ஒரு விரிவாக்கப்பட்ட கூட்டத்திலேயே கதை முடிந்தது. விதிப்படி ஆள வேண்டும் என்று பேசியவர்களே விதியைத் தாண்டினார்கள்.

1987 கட்சி மாநாட்டில் அப்படி என்ன நடந்தது?

13ஆவது மாநாட்டில் ஜாவ் வாசித்த அறிக்கைதான், ஆட்சியிலிருக்கும் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி அரசியல் சீர்திருத்தத்தில் எட்டிய உச்சம் என்பது என் கருத்து. அமைச்சகங்களுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கும் கட்சிக் குழுக்களைப் படிப்படியாகக் கலைப்பது, அரசுத் துறைக்கு இணையாகக் கட்சிக்குள் நடக்கும் இரட்டை அலுவலகங்களை மூடுவது, அரசு ஊழியர் முறையை உருவாக்குவது, சமூகத்தின் பல தரப்புகளோடு பேச்சு நடத்துவது என்று திட்டம் இருந்தது.

அதைவிடச் சுவையானது அதே மாநாட்டில் நடந்த ஒரு தோல்வி. மத்தியக் குழுத் தேர்தலில் இடங்களைவிடச் சில பெயர்கள் கூடுதலாக வைத்து, குறைந்த வாக்கு வாங்கியவர்கள் கழியட்டும் என்று ஒரு சின்ன விதி சேர்த்திருந்தார்கள். பழமைவாதிகளின் கொள்கைக் காவலர் டெங் லிச்சுன். அவரை அரசியல் தலைமைக்குழுவுக்கே கொண்டுபோகப் பெரியவர்கள் எண்ணியிருந்தார்கள். அவர் மத்தியக் குழுவுக்கே தேறவில்லை! மூத்தோருக்கான ஆலோசனைக் குழுவின் நிலைக்குழுவில் இடம் கொடுத்துக் கண்ணீரைத் துடைக்கப் பார்த்தார்கள். அங்கும் வாக்கு விழவில்லை. ஐந்து விழுக்காடு கூடுதல் பெயர்கள், இரகசிய வாக்கு. இவ்வளவு சிறிய கதவு திறந்தாலே என்ன ஆகும் என்பதை இரு தரப்பும் அன்று பார்த்துக்கொண்டன.

அதே நேரத்தில் இன்னொரு முடிவு இரகசியமாக எடுக்கப்பட்டது. டெங் தலைமைக்குழுவிலிருந்து விலகினாலும், பெரிய விஷயங்களில் கடைசி வார்த்தை அவருடையதே என்று. வாசலில் புதிய விதிப்பலகை, கொல்லைப்புறத்தில் பழைய சாவி.

1989ஐப் பற்றி எல்லோரும் சதுக்கத்தைத்தான் பேசுகிறார்கள். நிறுவனங்கள் என்ன செய்தன?

நல்ல கேள்வி. ஏப்ரல் 15 அன்று ஹு யாவ்பாங் இறந்ததும் மாணவர்கள் தியானன்மென் சதுக்கத்தில் கூடியதும், ஜூன் 3 இரவிலும் ஜூன் 4 அதிகாலையிலும் இராணுவம் சுட்டுக்கொண்டே நகருக்குள் நுழைந்ததும் பலருக்குத் தெரியும். பத்தாண்டுகளாகக் கட்டிய அமைப்புகளுக்கு அந்த ஏழு வாரங்களில் ஒரு வேலையும் கிடைக்கவில்லை என்பது அவ்வளவாகத் தெரியாது.

இராணுவச் சட்டம் வேண்டும் என்ற முடிவு டெங்கின் வீட்டில் நடந்த கூட்டத்தில் உருவானது. ஜாவ் மறுத்தார். மே 19 விடிவதற்கு முன் சதுக்கத்துக்குப் போய், வரத் தாமதமாகிவிட்டது என்று மாணவர்களிடம் கலங்கிய குரலில் சொன்னார். பொது இடத்தில் அவர் தோன்றியது அதுவே கடைசி. அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் வென் ஜியாபாவ் பின்னாளில் பிரதமரானார்.

அரசியல் சட்டப்படி நாட்டின் உச்ச அதிகாரம் நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரசுக்குத்தான். அது கூடாத நாட்களில் அதன் வேலையைச் செய்யும் நிலைக்குழுவின் உறுப்பினரும் மக்கள் நாளிதழின் முன்னாள் ஆசிரியருமான ஹு ஜிவெய், நிலைக்குழுவை அவசரமாகக் கூட்டக் கையெழுத்துத் திரட்டினார். தலைவர் வான் லி வெளிநாட்டில் இருந்தார். அவர் திரும்பினால் கூட்டம் நடக்கும் என்று பலர் நம்பினார்கள். விமானம் பெய்ஜிங்குக்குப் போகவில்லை, ஷாங்காயில் இறங்கியது. சில நாட்களில் இராணுவச் சட்டத்தை ஆதரித்து அவரிடமிருந்து அறிக்கை வந்தது. கூட்டம் கூடவில்லை. சட்டம் காட்டிய வழியில் நடக்கப் பார்த்த ஹு ஜிவெய்க்குப் பின்னர் அந்தப் பதவி போயிற்று. பாவ் டோங்குக்கு ஏழாண்டுச் சிறை. அமைச்சகங்களில் கலைந்துகொண்டிருந்த கட்சிக் குழுக்கள் திரும்ப வந்தன.

பிறகு கிராமத் தேர்தல்கள் மட்டும் எப்படித் தப்பின?

இது கொஞ்சம் நீளமான கதை. சீர்திருத்தத்தின் எல்லை எங்கே என்பதைக் கிராமத்தைவிடத் தெளிவாக வேறிடத்தில் பார்க்க முடியாது.

மாவோ காலக் கூட்டுப்பண்ணைகளான கம்யூன்கள் கலைந்து நிலம் குடும்பங்களுக்குப் பிரிந்ததும் கிராமத்தில் ஆளே இல்லாமல் போயிற்று. கால்வாய் வெட்ட, காடு காக்க, திருடனைப் பிடிக்க யாருமில்லை. 1980இல் குவாங்சி பகுதியில் ஹெஜாய் என்ற ஊரார் தாங்களே கூடி ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர் மக்கள் காங்கிரசின் தலைவராக இருந்த பெங் ஜென். இவர் தாராளவாதி அல்லர்; கட்சியின் கெட்டியான பழம்பெருச்சாளி. அவருடைய கணக்கு நேரானது: ஊரார் தேர்ந்தெடுத்தவர் வந்து கேட்டால் தானியக் கொள்முதலுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் எதிர்ப்பு குறையும், ஊழல்வாதியை மேலிருந்து தேடுவதைவிட ஊராரே கழிப்பது மலிவு. 1987இல் சோதனைச் சட்டம் வந்தது, 1998இல் நிரந்தரமானது. 1989க்குப் பிறகு இதை ஒழிக்கச் சிலர் முயன்றபோது காப்பாற்றியதும் பெங் ஜென்தான்.

ஜிலின் மாகாணத்தின் லிஷு மாவட்டத்தில் "கடல் தேர்தல்" என்ற முறை வந்தது. வெற்றுத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். யார் பெயரை வேண்டுமானாலும் வேட்பாளராக எழுதலாம். கடலில் வலை வீசுவதுபோல.

நம் ஊராட்சி மன்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஏமாறுவீர்கள். சீனாவில் கிராமக் குழு அரசின் ஓர் அடுக்கே அல்ல. "தன்னாட்சி அமைப்பு" என்றுதான் சட்டம் அதை அழைக்கிறது. அரசு தொடங்குவது அடுத்த படியில், பல கிராமங்கள் சேர்ந்த பேரூர் நிலையில். அந்தப் படியில்தான் கதவு. 1998 டிசம்பர் 31 அன்று சிச்சுவானின் புயுன் பேரூரில் மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பேரூர்த் தலைவரைப் பேரூர் மக்கள் காங்கிரஸ்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று கண்டனம் வந்தது. அடுத்த முறை மக்கள் வேட்பாளரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். காங்கிரஸ் அவரை "தேர்ந்தெடுத்தது". அந்த முயற்சி நாடு முழுவதும் பரவ விடப்படவில்லை.

கிராமத்துக்குள்ளும் கட்சிச் செயலாளர் ஒருவர் இருப்பார். அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பல்லாண்டுகள் இருவரும் இழுபறியில் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் இரண்டு பதவியையும் ஒருவரே வகிப்பதை, "ஒரே தோளில் இரு சுமை" என்ற பெயரில், கட்சி எங்கும் வற்புறுத்துகிறது. இழுபறி தீர்ந்தது.

வுகான் என்று ஒரு கிராமம் செய்திகளில் வந்ததே?

கொரோனா வந்த வூஹான் நகரம் வேறு. இது குவாங்டாங் மாகாணத்தின் கடலோரக் கிராமம். ஊர்நிலத்தை அதிகாரிகள் விற்றுவிட்டார்கள் என்று 2011 செப்டம்பரில் போராட்டம் வெடித்தது. பேச்சு நடத்தச் சென்ற ஊர்ப் பிரதிநிதிகளில் ஒருவரான ஷுயே ஜின்போ டிசம்பரில் காவலில் இறந்தார். ஊரார் அதிகாரிகளையும் காவலர்களையும் வெளியேற்றினார்கள். மாகாணத்தின் துணைச் செயலாளர் ஜு மிங்குவோ நேரில் வந்து சமரசம் செய்தார். 2012 மார்ச்சில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. போராட்டத்தை வழிநடத்திய முதியவர் லின் ஜுலுவான் தலைவரானார். உலகப் பத்திரிகைகள் "வுகான் வழி" என்று எழுதின.

நிலம் திரும்ப வந்ததா என்றால், பெரும்பகுதி வரவில்லை. விற்ற பத்திரங்கள் மேலே இருந்த அலுவலகங்களில் இருந்தன, ஊர்க்குழுவுக்கு அங்கே கை எட்டாது. 2016இல் லின் மீண்டும் போராட்டம் அறிவிக்க இருந்த நேரத்தில் இலஞ்சக் குற்றச்சாட்டில் கைதாகி, மூன்றாண்டு ஒரு மாதச் சிறை பெற்றார். சமரசம் செய்ய வந்த ஜு மிங்குவோவுக்கும் அதே ஆண்டு ஊழல் வழக்கில் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதிக்கப்பட்டது. கதை எழுதுபவன் இப்படி முடித்தால் மிகை என்பார்கள்.

தேசிய மக்கள் காங்கிரஸ் வெறும் ரப்பர் முத்திரைதானா?

பெரும்பாலும். ஆனால் மை சில நேரம் சரியாகப் பதியாமல் போனதுண்டு.

1992இல் யாங்சி ஆற்றில் மூன்று மலையிடுக்கு அணை கட்டும் தீர்மானம் வந்தபோது 1,767 பேர் ஆதரித்தார்கள். 177 பேர் எதிர்த்தார்கள். 664 பேர் நடுநிலை. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கையைத் தூக்க மறுத்தார். 1999இல் நெடுஞ்சாலைச் சட்டத் திருத்தம் நிலைக்குழுவில் ஒரே ஒரு வாக்கு குறைந்து தோற்றது. 2001இல் ஷென்யாங் நகரின் மக்கள் காங்கிரஸ், ஊழலில் சிக்கிய நகர நீதிமன்றத்தின் ஆண்டறிக்கையை ஏற்க மறுத்தது. பிரதிநிதிகளின் இந்த முணுமுணுப்பு தலைமைக்கும் பயன்பட்டது. எங்கே புகைகிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி குறைவு.

2018 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவரின் பதவிக்கால வரம்பை நீக்கும் திருத்தத்துக்கு விழுந்த வாக்குகள்: ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. அணைக்கு விழுந்த எதிர்ப்புகூட இதற்கு விழவில்லை.

அந்தப் பதவிக்கால வரம்பை அவ்வளவு எளிதாக எப்படி நீக்க முடிந்தது?

அது ஒரு கதவுக்கு மட்டும் போட்ட பூட்டு என்பதால். 1982 அரசியல் சட்டம் குடியரசுத் தலைவர், பிரதமர் போன்ற அரசுப் பதவிகளுக்கு இரண்டு தொடர் பதவிக்காலம் என்று வரம்பு வைத்தது. உண்மையான அதிகாரம் கட்சிப் பொதுச்செயலாளரிடமும் இராணுவ ஆணையத் தலைவரிடமும் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் வரம்பு எழுதப்படவே இல்லை. 68 வயதானால் தலைமைக்குழுவிலிருந்து விலக வேண்டும் என்பதும் எழுதாத வழக்கம்தான். 2002இலும் 2012இலும் தலைமை அமைதியாகக் கைமாறியபோது இது நிலைத்துவிட்டதென்று அறிஞர்கள் பலர் எழுதினார்கள். வழக்கத்தை மீறுபவரைத் தடுக்க யாரிடம் போவது என்று யாரும் கேட்கவில்லை. 2022இல் ஷி ஜின்பிங் மூன்றாம் முறை பொதுச்செயலாளரானார். அடுத்த மார்ச்சில் மூன்றாம் முறை குடியரசுத் தலைவர். 2,952 வாக்குகள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

நீதிமன்றங்கள்?

அரசின் மீது வழக்குத் தொடுக்கும் சட்டம் 1989இல் நிறைவேறி 1990இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம், அபராதம், நிலக் கையகப்படுத்தல் போன்றவற்றில் சாதாரண மக்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள், சில நேரம் வெல்லவும் செய்கிறார்கள். கட்சியின் மீது வழக்குப் போட முடியாது. முடிவெடுப்பது பெரும்பாலும் கட்சிதான் என்பதால் விளைவை நீங்களே ஊகிக்கலாம்.

2003இல் ஒரு நம்பிக்கை பிறந்தது. குவாங்ஜோவில் தற்காலிகக் குடியிருப்பு அட்டை இல்லை என்பதற்காகப் பிடித்துச் செல்லப்பட்ட சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். உள்ளூர்ப் பத்திரிகை துணிந்து எழுதியது. இளம் சட்ட அறிஞர்கள் மூவர், இந்தப் பிடித்துவைக்கும் விதி அரசியல் சட்டத்துக்கு முரண், ஆராயுங்கள் என்று மக்கள் காங்கிரசுக்கு மனுப் போட்டார்கள். சில வாரங்களில் அரசாங்கம் தானே அந்த விதியை இரத்து செய்துவிட்டது. வெற்றிதான். ஆனால் காங்கிரஸ் அரசியல் சட்டத்தைக் கையில் எடுத்து அரசின் விதியை ஆராய்ந்தது என்ற முன்னுதாரணம் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூவரில் ஒருவர் ஷூ ஜியோங். அதிகாரிகள் தங்கள் சொத்துக் கணக்கை வெளியிட வேண்டும் என்ற இயக்கத்தில் நின்றதற்கு 2014இல் நான்காண்டுச் சிறை. 2023இல், ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதாகப் பதினான்கு ஆண்டுகள்.

ஷி ஜின்பிங் ஊழலை ஒழிக்கிறாரே, அது சீர்திருத்தம் இல்லையா?

கடுமையான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. மிகப் பெரிய தலைகள் உருண்டிருக்கின்றன. 2018இல் தேசியக் கண்காணிப்பு ஆணையமும் வந்தது. ஆனால் அது கட்சியின் ஒழுங்காய்வு ஆணையத்தோடு ஒரே அலுவலகத்தில் இருக்கிறது. சொத்துக் கணக்கு மேலிடத்துக்குப் போகும், மக்களுக்கு வராது. அதைக் கேட்டவர் சிறையில் இருக்கிறார் என்பதை மேலே பார்த்தோம். அதே ஆண்டில் அரசு ஊழியர் நிர்வாகம், பத்திரிகை, திரைப்படம், மத விவகாரம் ஆகியவை நேரடியாகக் கட்சித் துறைகளின் கைக்குப் போயின. ஜாவ் பிரிக்க முயன்றதை ஷி தைத்துவிட்டார்.

சோவியத் ஒன்றியத்தில் கோர்பச்சேவ் அந்த எல்லையைத் தாண்டினாரே?

தாண்டினார். 1989 மார்ச் தேர்தலில் லெனின்கிராடின் கட்சித் தலைவர் எதிர்த்து நிற்க ஆளில்லாமலேயே தோற்றார். வாக்காளர்கள் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். 1990 மார்ச்சில் கட்சியின் தலைமைப் பங்கைச் சொல்லும், சோவியத் அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு மாற்றப்பட்டது. 1991 முடிவதற்குள் நாடே இல்லை. பெய்ஜிங்கில் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள். இந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். அவர்கள் உண்மையாகவே அஞ்சுகிறார்கள். 2018இல் சீன அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே கட்சியின் தலைமையை எழுதிச் சேர்த்தார்கள். அதுவரை அது முன்னுரையில்தான் இருந்தது.

வியட்நாம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறதாமே?

கொஞ்சம். 2013இல் அங்கே நாடாளுமன்றம் உயர்பதவியில் இருந்த 47 பேர் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தி முடிவை வெளியிட்டது. வாக்குச்சீட்டில் இருந்த மூன்று கட்டங்கள்: உயர்ந்த நம்பிக்கை, நம்பிக்கை, குறைந்த நம்பிக்கை. நம்பிக்கை இல்லை என்ற கட்டம் இல்லை.

கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் தேர்தலில் தோற்றால் வீட்டுக்குப் போகிறார்களே?

போகிறார்கள். 1957 முதல் வெல்வதும் தோற்பதுமாக இருக்கிறார்கள். நீதிமன்றம், தேர்தல் ஆணையம், பத்திரிகை எதுவும் அவர்களுக்குச் சொந்தமில்லாத ஓர் அமைப்புக்குள் ஆள்கிறார்கள். இந்தப் பக்கத்தின் கேள்வி, எல்லாம் ஒரே கட்சிக்குச் சொந்தமான இடத்தைப் பற்றியது.

ஜாவ் ஜியாங் என்ன ஆனார்?

விசாரணை நடக்கவில்லை, தண்டனை விதிக்கப்படவில்லை. ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் பெய்ஜிங்கில் தன் வீட்டிலேயே அடைபட்டிருந்தார். தன்னை அடைத்தது எந்தச் சட்டப்படி என்று கட்சிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி, பேரக் குழந்தைகளின் பாட்டு, பெய்ஜிங் இசைநாடகம் பதிந்த பழைய ஒலிநாடாக்களின்மேல் தன் நினைவுகளைப் பேசிப் பதிந்தார். நண்பர்கள் அவற்றைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுபோனார்கள். நாடாளுமன்ற ஜனநாயகத்தைவிடச் சிறந்த முறை இதுவரை கண்டறியப்படவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தது, 2009இல் அவை புத்தகமாக வந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

2005 சனவரி 17 அன்று இறந்தார். அடக்கத்துக்கான இடம் குறித்து அதிகாரிகளோடு உடன்பாடு ஏற்படாததால் அஸ்தி வீட்டிலேயே இருந்தது. 2019 அக்டோபரில்தான், பெய்ஜிங்குக்கு வெளியே ஒரு தனியார் இடுகாட்டில், மனைவியின் அஸ்தியோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள்.